கேட்கப்படாத இசைத்தட்டுகளும் சேகரிப்போரின் மௌனமும்

இசைத்தட்டு சேகரிக்கும் இருவர் சந்தித்தால் இசையைப் பற்றித்தான் பேசுவார்கள் என்று நினைப்பவர்கள், அவர்களுக்குப் பக்கத்தில் நின்று அந்தப் பேச்சை ஒருநாளும் கேட்டிராதவர்கள். எத்தனை கிராம் எடை? கறுப்பா, பச்சையா, புகைநிறமா? மொத்தம் எத்தனை பிரதிகள்? பாடல் முடியும் இடத்துக்கும் நடுத்தாளுக்கும் இடையிலுள்ள வெறும் வளையத்தில் கீறப்பட்டிருக்கும் இலக்கம் எது? இவையெல்லாம் முடிந்தபின் கடைசிக் கேள்வி வரும்: 'உறை பிரிக்காததா?' பிரிக்காதது என்றால் ஒரு விலை, பிரித்தது என்றால் அதிலும் குறைந்த விலை. ஒருவராலும் கேட்கப்படாத இசைக்குத்தான் அதிக மதிப்பு என்பது இதன் அர்த்தம்.

வேறு ஏதாவது இசையில் இது நடந்தால் பணம் படைத்தவர்களின் விசர் என்று விட்டுவிடலாம். ஆனால் 'இன்டஸ்ற்றியல்' என்றும் 'மாற்று றொக்' என்றும் அழைக்கப்படும் இசைகளில் இது நடக்கும்போது விட்டுவிட முடியாது. இசையைப் பண்டமாக்கும் கொம்பனிகளுக்கு எதிராகக் கத்திக்கொண்டு பிறந்த இசைகள் இவை. அவையே இன்று பிளாஸ்ரிக் உறைக்குள் மூச்சடைக்கப்பட்டு, விலையேறும்வரை அலுமாரியில் காத்துக் கிடக்கின்றன.

'வெள்ளைக்காரப் பொடியளின் இரைச்சல், இதிலே எமக்கென்ன?' என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நாம் வந்து சேர்ந்த நகரங்களின் இசை இது என்பதே எனது முதற் பதில். 1980களின் முற்பகுதியில் எம்மவர் பலர் கிழக்குப் பேர்லின் விமான நிலையத்தில் இறங்கி, நகர றெயிலில் மேற்குப் பேர்லினுக்குள் வந்துசேர்ந்தார்கள். அதே காலத்தில், அதே நகரத்தில், ஐன்ஸ்ற்றூர்சென்ட நொய்பௌட்டன் என்ற குழுவினர் இரும்புத் தகடுகளையும் துளைபொறிகளையும் வாத்தியங்களாக்கிக் கொண்டிருந்தார்கள். 'இடிந்து விழும் புதிய கட்டடங்கள்' என்பது அப்பெயரின் பொருள். 1980இல் நெடுஞ்சாலைப் பாலமொன்றின் உள்ளே புகுந்து அதன் இரும்பிலும் கொங்கிறீற்றிலும் அடித்துப் பதிவு செய்தார்கள். 1981இல் 'கொலாப்ஸ்' என்ற தட்டு வந்தது. அதனை இரைச்சல் என்றால் இரைச்சல்தான். ஆனால் அந்த நகரத்தின் தொழிற்சாலைகளிலும் சமையலறைகளிலும் நின்று வேலை செய்தவர்களுக்கு அந்த இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று யாரும் விளக்கத் தேவையில்லை.

லண்டனில் இது இன்னும் முன்னதாகத் தொடங்கியது. 1976இல் த்றொபிங் கிறிசில் குழுவினர் 'இன்டஸ்ற்றியல் றெக்கோர்ட்ஸ்' என்ற சொந்த வெளியீட்டகத்தை ஆரம்பித்தனர். கிழக்கு லண்டனின் ஹக்னியில் இருந்த தமது ஒலிப்பதிவுக்கூடத்துக்கு 'மரணத் தொழிற்சாலை' என்று பெயர் வைத்தார்கள். 1977இல் வந்த அவர்களது முதல் நெடுந்தட்டுக்கு 'இரண்டாவது ஆண்டறிக்கை' என்று தலைப்பு. கொம்பனிகள் பங்குதாரர்களுக்கு அனுப்பும் அறிக்கையைக் கேலிசெய்யும் தலைப்பு அது. உறை வெறும் வெள்ளை. அச்சிட்டவை 785 பிரதிகள் மட்டுமே. தமது கச்சேரிகளைக் கசெற்றில் பதிந்து தபாலில் விற்றார்கள்.

இந்த 785 என்ற இலக்கத்தைக் கவனியுங்கள். பெரிய கொம்பனி எதன் வாசலிலும் நிற்காமல் நாலுபேர் தமது கைப்பணத்தில் செய்த வேலையின் இலக்கம் அது. இன்று அதே இலக்கம் அபூர்வத்தின் சான்றிதழாக மாறி, தட்டின் விலையை நூற்றுக்கணக்கான பவுணுக்கு ஏற்றிவிட்டிருக்கிறது. கொம்பனிகள் இதிலிருந்து பாடம் படித்துக்கொண்டன. பணமில்லாமல் குறைவாக அச்சிட்டவர்களின் நிலைமையை, பணமுள்ளவர்கள் வேண்டுமென்றே நடித்துக் காட்டுகிறார்கள். ஒரே இசையை நான்கு நிறங்களில், ஒவ்வொன்றும் 'மட்டுப்படுத்தப்பட்ட பதிப்பு' என்று வெளியிடுகிறார்கள். நான்கையும் வாங்குகிறவர் ஒன்றையும் கேட்பதில்லை. 2022இல் அமெரிக்காவில் 4 கோடியே 10 லட்சம் வினைல் தட்டுகளும் 3 கோடியே 30 லட்சம் சீடிக்களும் விற்பனையாயின. 1987க்குப் பிறகு தட்டு சீடியை முந்தியது அதுவே முதற்தடவை. இத்தனை கோடி தட்டுகளில் ஊசி பட்டவை எத்தனை என்று எவரும் கேட்பதில்லை.

இனி இந்தச் சேகரிப்போர் பெருமையடித்துக்கொள்ளும் அறிவுக்கு வருவோம். 180 கிராம் தட்டு நல்லது என்கிறார்கள். தட்டின் தடிப்பு கூடினால் ஊசி ஓடும் கோடு ஆழமாகிவிடுவதில்லை. ஒலி எந்த நாடாவிலிருந்து எடுக்கப்பட்டது, யார் வெட்டினார், ஆலையில் எவ்வளவு கவனமாக அழுத்தினார்கள் என்பவையே ஒலியைத் தீர்மானிக்கின்றன. அடுத்ததாக, கணினி தொடாத ஒலியைத் தமது காது கண்டுபிடித்துவிடும் என்கிறார்கள். 2022 ஜூலையில் அந்தக் காதுகளின் கதையும் வெளிச்சத்துக்கு வந்தது. மூல நாடாவிலிருந்து நேரடியாக வெட்டப்பட்டவை என்று பலரும் நம்பி உயர்ந்த விலை கொடுத்து வாங்கிய மொபைல் ஃபிடெலிற்றி நிறுவனத்தின் மறுவெளியீடுகளில், 2011 முதற்கொண்டே இடையில் டிஜிற்றல் பிரதி பயன்படுத்தப்பட்டது தெரியவந்தது. விடயம் நீதிமன்றம்வரை போனது. பத்து வருடங்களுக்கு மேலாக எந்தக் காதும் அதனைக் கண்டுபிடிக்கவில்லை. டிஜிற்றல் என்பது குற்றமல்ல, அந்தத் தட்டுகளில் பல மிக நன்றாகவே ஒலித்தன. வாங்குகிறவருக்கு உண்மையைச் சொல்லாததே குற்றம். ஆனால் கோபப்பட்டவர்களில் பலருக்கு வலித்தது தமது முதலீட்டின் மதிப்பு என்பதுதான் எனது அபிப்பிராயம்.

இதைவிடப் பெரிய மறைப்பு ஒன்றும் இருக்கிறது. 2008 ஜூன் 1ஆந் திகதி ஹொலிவூட்டில் யூனிவேர்சல் படப்பிடிப்புத் தளத்தில் தீப்பிடித்தது. அங்கிருந்த களஞ்சியத்தில் யூனிவேர்சல் இசைக் குழுமத்தின் மூல ஒலிநாடாக்களும் இருந்தன. எவ்வளவு இழப்பு என்பது உலகத்துக்குச் சொல்லப்படவில்லை. பதினொரு வருடங்களின் பின், 2019 ஜூனில் 'நியூயோர்க் ரைம்ஸ்' பத்திரிகை இதனை வெளியிட்டது. அழிந்தவை ஏறத்தாழ ஐந்து லட்சம் பாடல்கள் என்று அந்த நிறுவனத்தின் உள்ளக அறிக்கையே மதிப்பிட்டிருந்தது. நிறுவனம் இதனை மறுத்தது. பின்னர் 2020இல் நீதிமன்ற ஆவணத்தில், பாதிக்கப்பட்ட 19 கலைஞர்களின் பெயர்களை ஒப்புக்கொண்டது. நிர்வாணா, சோனிக் யூத், சவுண்ட்கார்டன், வைற் சொம்பி என்று மாற்று றொக்கில் தெரிந்த பெயர்கள் அதில் இருக்கின்றன. தமது இசையின் மூலநாடா எரிந்துவிட்டது என்பதைக் கலைஞர்களில் பலர் பத்திரிகையைப் படித்தே அறிந்துகொண்டார்கள். எரிந்ததைவிட, எரிந்ததை மறைத்தது கேவலம். எரிந்த ஏடுகளின் கணக்கை அறிய அலைந்த எமக்கு இது புரியாத விடயமல்ல.

மறுவெளியீட்டின் பணம் யாருக்குப் போகிறது? 1993இல் ஸ்ரீவ் அல்பினி, 'த பஃபிளர்' சஞ்சிகையில் எழுதிய கட்டுரையில் இதற்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு குழு பெரிய கொம்பனியுடன் ஒப்பந்தம் செய்து, லட்சக்கணக்கில் தட்டுகள் விற்று, கடைசியில் கடையில் வேலை பார்த்தால் கிடைப்பதைவிடக் குறைவாக எப்படிப் பெறுகிறது என்பதை வரிவரியாகக் காட்டினார். அவர் சொன்னபடியே நடந்தவர். நிர்வாணாவின் 'இன் யூற்றறோ' தட்டைப் பதிவுசெய்தபோது விற்பனையில் பங்கு வேண்டாம், வேலைக்கான கூலி போதும் என்றார். அவர் 2024இல் காலமானபோது சேகரிப்போர் உருக்கமாக அஞ்சலி செலுத்தினார்கள். அவர் எழுதிய கணக்கை மட்டும் பேசவில்லை. நைன் இஞ்ச் நெய்ல்ஸின் முதற் தட்டு 1989இல் ரிவிரி நிறுவனத்தில் வந்தது. றென்ற் றெஸ்னர் அந்நிறுவனத்தோடு சண்டைபிடித்து வெளியேறினார். அந்தத் தட்டின் உரிமையோ அவரது கையில் இல்லாமல் நிறுவனம் விட்டு நிறுவனம் மாறியது. 2005இல் ஒருவர், 2010இல் வேறொருவர் என மறுவெளியீடு செய்தார்கள். எந்தப் பதிப்பு நல்லது என்று மணிக்கணக்கில் வாதாடுவோர், அது ஏன் பாடியவரின் கையில் இருக்கவில்லை என்று ஒரு நிமிடம் பேசக்கூடாதா?

சேகரிப்போருக்கு ஒரு நியாயம் உண்டு. அதை மறைத்துவிட்டு எழுதுவது நேர்மையாகாது. கொம்பனிகள் எரித்ததையும் எறிந்ததையும் பொறுக்கிக் காப்பாற்றியவர்கள் அவர்கள்தான். ஐம்பது, நூறு என்று பிரதியெடுக்கப்பட்ட கசெற்றுகள் இன்றும் கேட்கக் கிடைக்கின்றன என்றால், யாரோ ஒருவர் அவற்றை வீடுமாறும் ஒவ்வொரு தடவையும் காவிச்சென்றிருக்கிறார் என்பதே காரணம். அந்த மனிதர் எமது மரியாதைக்குரியவர். அவர் கேட்டார், பிரதியெடுத்து மற்றவருக்குக் கொடுத்தார், எந்த நாடாவில் என்ன இருக்கிறது என்று எழுதிவைத்தார். உறையையே பிரிக்காதவர் எதையும் காப்பாற்றவில்லை. உள்ளே சரியான தட்டுத்தான் இருக்கிறதா என்பதுகூட அவருக்குத் தெரியாது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். 'இன்டஸ்ற்றியல்' என்று பெயர் வைத்துக்கொண்ட இசையை நேசிப்பவர்கள், தட்டைச் செய்யும் தொழிற்சாலையைப் பற்றிப் பேசுவதில்லை. வினைல் என்பது பிவிசி. அதன் மூலப்பொருளான வினைல் குளோரைட் வாயு மனிதரின் ஈரலில் அபூர்வமான புற்றுநோயை உண்டாக்குகிறது என்பது, 1974இல் அமெரிக்காவின் லூயிவில் நகரத் தொழிற்சாலை ஒன்றில் தொழிலாளர்கள் இறந்தபிறகே வெளியே தெரிந்தது. அதன் பிறகு சட்டங்கள் இறுகின. ஆனாலும் நான்கு நிறங்களில் நான்கு தட்டு வேண்டும் என்று கேட்பவர், அந்த நிறத்துக்குப் பின்னால் யாரோ ஒருவரின் வேலைநேரமும் நுரையீரலும் இருக்கின்றன என்று நினைக்கவேண்டாமா? இந்த இசையின் நல்ல பக்கம் இதை மறந்ததில்லை. 1984-85இல் பிரித்தானியச் சுரங்கத் தொழிலாளர்கள் ஒரு வருடம் வேலைநிறுத்தம் செய்தபோது, தென் லண்டனின் ரெஸ்ற் டிபார்ட்மென்ற் குழுவினர் தென் வேல்ஸ் சுரங்கத் தொழிலாளரின் பாடகர் குழுவோடு சேர்ந்து மேடையேறினார்கள், சேர்ந்தே ஒரு தட்டும் வெளியிட்டார்கள். தோளோடு தோள் என்பது அதன் தலைப்பு. அந்தத் தட்டை உறை பிரிக்காமல் வைத்திருப்பவரை என்னவென்று சொல்வது?

நான் சொல்வது தட்டு வாங்காதீர்கள் என்பதல்ல. வாங்குகிறவர்கள் நாலு கேள்வி கேட்கட்டும். எந்த நாடாவிலிருந்து இது எடுக்கப்பட்டது? இடையில் என்ன செய்தீர்கள்? உரிமை யாருடையது? இசைத்தவருக்கு, அல்லது அவர் இறந்துவிட்டால் அவருடையவர்களுக்கு, எவ்வளவு போகிறது? இவற்றுக்குப் பதில் அச்சிடாத மறுவெளியீட்டை, அது எத்தனை கிராமாக இருந்தாலும், கடையிலேயே விட்டுவிட்டு வரட்டும். வேறு வழி இல்லையென்று கொம்பனிகள் சொல்லும். 2002இலேயே நொய்பௌட்டன் குழுவினர் இரசிகர்களிடம் முற்பணம் வாங்கி, இடையில் கொம்பனி இல்லாமல் இசையைச் செய்து நேரே அவர்களிடம் சேர்த்திருக்கிறார்கள்.

எம்மவரிடையேயும் இந்த நோய் இல்லாமலில்லை. 'எக்கோ' நிறுவனத்தின் இளையராஜா தட்டுகளைத் தேடித் திரிபவர்களில், அவற்றைக் கேட்பதற்காகத் தேடுவோரும் இருக்கிறார்கள், படம்பிடித்துக் காட்டிவிட்டுப் பூட்டிவைப்போரும் இருக்கிறார்கள். சூட்கேசுக்குள் வைத்து நாம் கொண்டுவந்த கசெற்றுகளோ வருடத்துக்கு வருடம் காந்தப்பொடி உதிர்ந்து போய்க்கொண்டிருக்கின்றன. அவற்றில் வேறு எங்கும் இல்லாத குரல்கள் இருக்கின்றன. அபூர்வமானது என்பதற்காகப் பூட்டிவைத்தால் அவை பூட்டினுள்ளேயே செத்துப்போகும். பிரதியெடுங்கள், பெயரும் திகதியும் எழுதுங்கள், கேட்பவருக்குக் கொடுங்கள்.

தட்டு வைத்திருப்போர் இன்றைக்கே உறையைக் கிழித்து ஊசியை வைக்கட்டும். விலை இறங்கும்தான். இசை கேட்கும்.