மனையில் நிற்கும் மரம்

வீடு கட்டத் தொடங்கும் குடும்பத்தினர் இப்பகுதிக்கு எழுதிக் கேட்பவை பெரும்பாலும் கம்பி, செங்கல், கடன் ஆகியவற்றைப் பற்றியவையே. மனையில் ஏற்கெனவே நிற்கும் மரத்தைப் பற்றி எவரும் கேட்பதில்லை. வெட்டுவதா, விடுவதா என்பதோடு அப்பேச்சு முடிந்துவிடுகிறது. விடுவதென்று முடிவு செய்து, ஒரு கிளையும் முறியாமல் காத்தவர்களின் மரமே மூன்றாம் ஆண்டில் பட்டுப்போவதைக் கண்டிருக்கிறேன். அவர்களுள் நானும் ஒருவன்.

எங்கள் மனையின் மூலையில் நின்றது நாட்டு மாமரம். என் தாயார் மணமாகி வந்த ஆண்டில் கொட்டை ஊன்றி வளர்த்தது. “மரத்துக்கு ஒன்றும் ஆகாது ஐயா, நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றார் மேஸ்திரி. சொன்னபடியே ஓர் இலையையும் அவர் தொடவில்லை. ஆயினும் நிழல் இருக்கும் இடத்தில்தானே வேலை நடக்கும்! கலவை குழைத்தது அங்கே. ஜல்லியும் செங்கல்லும் இறக்கியதும் அங்கே. லாரி திரும்பியதும் அதே வழியாகத்தான். தெருவைவிட மனை தாழ்வென்று இரண்டடி உயரத்திற்குக் கிராவல் மண் கொட்டி நிரவினோம். அடிமரமும் இரண்டடி புதைந்தது. வீடு மந்திரித்த நாளில் பங்குத்தந்தையும் விருந்தினரும் அமர்ந்து உண்டது அந்த நிழலில்தான். மறு ஆண்டு பூ குறைந்தது. அடுத்த ஆண்டு நுனிக்கிளைகள் காய்ந்தன. மூன்றாம் ஆண்டுக் கோடையில் இலையே இல்லை. “ஒரு கிளையைக்கூட வெட்டவில்லை என்றாயே, பிறகு எதனாலடா பட்டது?” என்று தாயார் கேட்டார். அன்று என்னிடம் விடை இல்லை.

விடை மண்ணுக்குள் இருந்தது. மரத்தின் உயரம் எவ்வளவோ அவ்வளவு ஆழத்திற்கு வேர் இறங்குகிறது என்று நாம் எண்ணுகிறோம். ஆணிவேர் உள்ள மரத்திலும், நீரையும் சத்தையும் உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி மேல் இரண்டடி மண்ணிலேயே கிடக்கிறது. அகலத்திலோ கிளைகளின் விரிவையும் தாண்டிச் செல்கிறது. அவ்வேர்களுக்குக் காற்று வேண்டும். கனத்த லாரி சில தடவை ஏறி இறங்கினாலே மண்ணின் நுண்துளைகள் நசுங்கிவிடும். மேலே கொட்டிய மண் காற்றை அடைக்கும்; அடிமரத்தைச் சுற்றிக் குவித்த மண் பட்டையை அழுகச் செய்யும். கலவைச் சட்டி கழுவிய நீரோ காரத்தன்மை உடையது. அது மண்ணில் ஊறினால் இரும்புச்சத்து இருந்தும் வேருக்கு எட்டாது. இலையின் நரம்பு பச்சையாயிருக்க, இடைப்பகுதி மஞ்சளாகும். சேமித்து வைத்த சத்தைக்கொண்டு மரம் சில ஆண்டுகள் தாக்குப்பிடிக்கும். அதனால்தான் வீட்டு வேலையையும் மரத்தின் சாவையும் நாம் தொடர்புபடுத்திப் பார்ப்பதில்லை.

ஆகவே, முதல் லாரி மணல் இறங்குமுன்பே மரத்தைச் சுற்றி வேலி எழ வேண்டும். சவுக்குக் கம்பும் பழைய தகரமும் போதும். நெஞ்சுயரத்தில் அடிமரத்தின் குறுக்களவு ஓர் அடியானால், சுற்றிலும் 12 அடி விடுவது நல்ல கணக்கு. 30க்கு 40 அடி மனையில் இது நடக்குமா என்று நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. முழுவட்டம் கிடைக்காவிடில் ஒரு பக்கத்தை வீட்டிற்குக் கொடுத்து, மற்ற மூன்று பக்கங்களையும் காத்துக்கொள்ளுங்கள். கொடுத்த பக்கத்திலும் ஜேசிபி வேண்டாம், மண்வெட்டியால் தோண்டட்டும். இயந்திரம் வேரைப் பிய்த்துவிடும். பிய்ந்த வேர் அழுகும். அறுக்கத்தான் வேண்டுமெனில் ரம்பத்தால் நேராக அறுத்து, ஈரச் சாக்கால் மூடி, அன்றே மண் தள்ளிவிடுங்கள். மதிற்சுவருக்குத் தொடர்ச்சியாக வானம் தோண்டாமல், இடையிடையே தூண் நிறுத்தி மேலே பீம் ஓட்டினால் வேர்கள் நடுவே பிழைத்துக்கொள்ளும். கழிவுநீர்த் தொட்டியையும் குழாய்களையும் வரைபடத்திலேயே மறுபக்கம் தள்ளிவிடலாம். கட்டடத்திற்குத் தண்ணீர் ஊற்றும் கோடையில், மரத்திற்கும் வாரம் ஒருமுறை, அடியில் அன்று, கிளை நுனிக்கு நேர்கீழே ஊற்றுங்கள்.

இரு பக்கமும் வேரறுத்த மரத்தை மட்டும் விட்டுவைக்காதீர்கள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்ததை மறந்திருக்க மாட்டோம். பிடிப்பிழந்த மரம் காற்றுக்கு முதலில் விழும். விழுவது நம் கூரைமீதாகவும் இருக்கலாம். சுவரை ஒட்டி முளைத்த அரசையும் ஆலையும் காப்பாற்றுமாறு நான் சொல்லமாட்டேன். தென்னையின் கணக்கு வேறு. அதன் வேர்கள் பெரும்பாலும் ஆறேழு அடிக்குள்ளேயே அடங்கும். ஆனால் தண்டில் பட்ட காயம் ஒருநாளும் மூடாது. சாரத்தை அதில் கட்டுவதும் ஆணி அடிப்பதும் ஆகாது.

இப்போது என் தங்கை மகன் வீடு கட்டவிருக்கிறான். மனை நடுவில் ஒரு வேம்பு. இன்னும் வானம் தோண்டவில்லை, வேலி நிற்கிறது. “கலவையை எங்கேதான் குழைப்பது?” என்று மேஸ்திரி சலித்துக்கொண்டார். எதிர் மூலையில் தகரம் விரித்து, மேலே கீற்றுப் பந்தலும் போட்டுக் கொடுத்திருக்கிறோம்.