வழுவுக்கும் ஒரு வாய்க்கால்

சென்ற மாதம் ஒரு மாலைப்பொழுதில், இரத்தோட்டையிலிருந்து மாணவனொருவன் நம்மைக் காண வந்தான். முகம் வாடியிருந்தது. அவனுடைய தந்தையார் சுற்றுப்புறக் கிராமத்தாரிடம் மிளகும் கராம்பும் வாங்கும் சிறு வணிகர். யார் எத்தனை கிலோ தந்தார், யாருக்கு எவ்வளவு நிலுவை என்னும் கணக்கெல்லாம் லினக்ஸ் கணினியொன்றில் இருந்தன. இரவுதோறும் அக்கணக்கை வேறொரு தட்டில் படியெடுக்குமாறு மகன் ஏற்பாடு செய்திருந்தான். ஒருநாள் கணினியின் தட்டு பழுதாயிற்று. படியைத் தேடிப் பார்த்தால், அந்தத் தட்டு நிரம்பிவிட்டமையால் ஆறு வாரமாக ஒன்றுமே பதியப்படவில்லை!

"சேர், பிழை வந்தால் எழுதிவைக்கப் பதிவுக் கோப்பொன்றும் வைத்திருந்தேன். தினமும் பார்த்தேன், அது வெறுமையாகத்தான் இருந்தது. அப்பா என்னை ஏசவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை" என்றான்.

பிழை எங்கே போயிற்று? மாணவர் பலருக்கும் பயன்படுமாதலால் அதனை இங்கு ஆராய்வோம்.

கணினியில் நடக்கும் ஒவ்வொரு வேலைக்கும் மூன்று வாய்கள் உண்டு. 0 என்பது உள்வாங்கும் வாய்; 1 என்பது விளைவைச் சொல்லும் வாய்; 2 என்பது வழுவைச் சொல்லும் வாய். பின்னிரண்டும் இயல்பாகத் திரையிலேயே வந்து விழும். தோட்டத்துப் பீலிகள் இரண்டு ஒரே தொட்டியில் விழுவதுபோல என்க. ஒன்றை மட்டும் வேறிடத்துக்குத் திருப்ப விரும்பினால் எந்தப் பீலி என்று சொல்லவேண்டும். > என்பது 1ஐத் திருப்பும்; 2> என்பது 2ஐத் திருப்பும்.

இவ்விரண்டு வாய்களும் பிரிந்த வரலாறு சுவையானது. 1970களில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில், ஒளியச்சுப் பொறிக்கு வேலை அனுப்பிய அறிஞர் சிலர், தாளைக் கழுவி எடுத்து ஆவலுடன் நோக்கினர். கட்டுரைக்குப் பதிலாக, 'கோப்பைத் திறக்க இயலவில்லை' என்னும் ஒரே வரி அழகாக அச்சாகியிருந்ததாம்! அவர்கள் முணுமுணுத்ததன் பயனாகவே வழுவுக்கெனத் தனி வாய் தோன்றியதென்று, அங்கு பணியாற்றிய ஸ்டீவ் ஜோன்சன் கூறியுள்ளார்.

இனி நம் மாணவனின் சிக்கலுக்கு வருவோம். தன் கட்டளையின் இறுதியில் அவன் &> பதிவு என எழுதியிருந்தான். 1989இல் வெளிவந்த பாஷ் என்னும் ஷெல்லில் இதற்கு 'இரு வாய்களையும் பதிவுக் கோப்புக்குத் திருப்பு' என்பதே பொருள். கையால் ஏவிப் பார்த்தபோது அது செவ்வனே நடந்தது. ஆனால், இரவில் கடிகாரப்படி ஏவும் கிரோன் பாஷை அழைப்பதில்லை. உபுண்டுவில் 2006 முதல் அவ்விடத்தில் இருப்பது டாஷ் என்னும் சிறு ஷெல். அது & குறியை 'வேலையைப் பின்னணியில் நடத்து' என்றும், > குறியைத் தனியே 'கோப்பை வெறுமையாக்கு' என்றும் படிக்கும். வழுவோ கிரோனிடம் போய்ச் சேரும். அஞ்சல் அனுப்பும் வசதி இல்லாத கணினியில் கிரோன் அதை எறிந்துவிடும். ஆகவே வெறுமையான கோப்பு நலத்தின் அடையாளமன்று. இரவுதோறும் துடைக்கப்பட்டதன் அடையாளம்!

எல்லா இடத்தும் செல்லும் முறை இது:

கட்டளை > பதிவு 2>&1

இங்கே வரிசை முக்கியம். ஷெல் இடமிருந்து வலமாகவே படிக்கும். 2>&1 என்றால் '1 இப்போது எங்கே நிற்கிறதோ அங்கே 2உம் போகட்டும்' என்பது பொருள். மாற்றி, 2>&1 > பதிவு என எழுதினால், மாத்தளை பஸ் நிலையத்தில் நிற்கும் அண்ணனிடம் தம்பியை அனுப்பிவிட்டு, பின்பு அண்ணனைத் தம்புள்ளைக்கு அனுப்பியது போலாகும். தம்பி மாத்தளையிலேயே நிற்பான். வழு திரையிலேயே நிற்கும். இன்னொன்று: 2க்கும் > குறிக்கும் நடுவே இடைவெளி விடலாகாது. விட்டால் 2 என்பது கட்டளைக்குத் தந்த சொல்லாகிவிடும். திரும்புவதோ 1 ஆகும்.

எழுதியபின் சோதித்தல் வேண்டும். இல்லாத கோப்பொன்றின் பெயரை வேண்டுமென்றே கொடுத்து, கிரோன் மூலமாகவே ஏவிப் பாருங்கள். முறைப்பாடு பதிவில் விழுந்தால் மட்டுமே பதிவை நம்பலாம். மணி அடிக்கவில்லையென்று மகிழுமுன், மணிக்கு நாக்கு உண்டா என்று பார்க்கவேண்டுமன்றோ?

நம் இலக்கண ஆசிரியர் வழுவை மறைத்தாரல்லர். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என எழுவகையாக வகுத்துக் கற்பித்தனர். வழுவை அறிந்தவனே வழாநிலையை அறிவான்.

மாணவனின் கணக்கு என்னவாயிற்று என்பீர்கள். தந்தையார் கொடுத்திருந்த துண்டுச் சீட்டுகளைக் கிராமத்தார் பத்திரமாக வைத்திருந்தனர். தந்தையும் மகனும் வீடுவீடாகச் சென்று அவற்றைப் பார்த்துப் புதிய கணக்கு எழுதினர். இப்போது காலைதோறும் பதிவைத் திறந்து பார்ப்பவர் தந்தையார்தானாம். மாதமொரு முறை பொய்வழு ஒன்றைக் கொடுத்துச் சோதிப்பவன் மகன்.