காய்ந்த புல் செத்த புல் அல்ல

 

ஆவணி மாதத்தில் நெடுங்கேணிப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். குளத்தை அடுத்த தரவைகள் வெளுத்துக் கிடக்கும். சோளகக் காற்றில் புழுதி பறக்கும். வன்னிக்குப் பெருமழை ஐப்பசி முதல் தை வரைதான். “எல்லாம் செத்துவிட்டது, கொளுத்தினால் புதுப்புல் வரும்” என்று சிலர் தீக்குச்சி கிழிப்பதும் இந்த வரட்சியில்தான்.

செத்துவிட்டதா? சற்றுக் குனிந்து பாருங்கள். அறுகின் இலைதான் காய்ந்திருக்கிறது. மண்ணுக்குள் அதன் தண்டு உயிரோடு காத்திருக்கிறது. ஆக்காட்டிக் குருவி கூடு கட்டாமல் வெறுந்தரையில் முட்டையிடுகிறது. முட்டை கல்லோடு கல்லாகத் தெரியும். வெயில் கடுமையானால், அது வயிற்றிறகை நீரில் நனைத்து வந்து முட்டைகளைக் குளிர்விக்கிறது. இதை அதற்குக் கற்றுக்கொடுத்தவன் யார்? நட்சத்திர ஆமை புற்பற்றையின் அடியில் பகலைக் கழிக்கிறது. தவளை மண்ணில் புதைந்து மழையை எதிர்பார்த்திருக்கிறது. காட்டோரத்துப் பாலைமரமோ தடித்த இலையால் ஈரத்தைக் காத்து, இந்தக் கோடையிலேயே கரடிக்கும் நமக்கும் பழம் தருகிறது.

ஸூரத்துல் ஹஜ்ஜின் 5ஆம் வசனம் மழைக்கு முந்திய பூமியை ‘ஹாமிதா’ என்கிறது. அசைவற்று அடங்கிக் கிடப்பது என்பது அதன் பொருள். நீர் இறங்கியதும் அந்தப் பூமியே அசைந்து புடைத்து முளைப்பிக்கிறது.

நெருப்பு வைத்தால் என்ன நடக்கும்? முட்டையும் ஆமையும் கருகும், மரக்கன்றுகள் மடியும். ஆனால் இலுக்குப் புல்லின் நிலத்தடித் தண்டு தப்பி முந்திக்கொண்டு தளிர்க்கும். முற்றிய இலுக்கை மாடு விரும்பாது. ஆண்டுதோறும் எரித்தால் அதுவே தரவையைப் பிடித்துக்கொள்ளும்.

ஒரு பயணத்தில் தோழர்கள் ஒரு பறவையின் குஞ்சுகளை எடுத்துவிட்டார்கள். தாய்ப்பறவை தவித்துச் சிறகடித்தது. குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கும்படி நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அதே பயணத்தில் எறும்புப் புற்றொன்று எரிக்கப்பட்டிருந்ததைக் கண்டு, நெருப்பால் வேதனை செய்வது நெருப்பின் இறைவனுக்கே உரியது என்று கண்டித்தார்கள். இது அபூதாவூதில் பதிவான செய்தி. எறும்புக்கே இந்த நீதி என்றால், ஒரு தரவையையே கொளுத்துபவன் நாளை என்ன பதில் சொல்வான்?

ஆகவே புல்லைக் கொளுத்தாதீர்கள். தேவையானதை அரிந்து மாட்டுக்குப் போடுங்கள். வேலியோரத்துச் சருகைக் கூட்டி அள்ளி, தீ பரவாமல் இடைவெளி விடுங்கள். ஆக்காட்டி முட்டையை எடுக்கக் கூடாதென்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதத்தைப் பேணி நடக்க வல்ல ரஹ்மான் அருள்புரிவானாக! ஆமீன்.