வயிற்றைப் பார்த்து ஆரூடம்!

வீட்டில் ஒரு பெண் கருவுற்றால் போதும், ஆரூடம் தொடங்கிவிடும்!

"வயிறு கூர்மையாக இருக்கிறது. ஆண்தான்!" என்பார் பாட்டி. "முகம் களையாக இருக்கிறதே, பெண்தான்!" என்பார் அடுத்த வீட்டு அம்மாள். வலது காலை முதலில் எடுத்து வைத்தால் ஆண் என்பதும் உண்டு.

"சொன்னது பலித்ததே!" என்று சிலர் கேட்கலாம். இருப்பதோ இரண்டே பதில்! கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் ஏறக்குறைய பாதி பலிக்கும். பலித்ததை ஊர் பேசும். பலிக்காததை மறந்துவிடும்.

வயிற்றின் வடிவம் தாயின் உடல்வாகையும் குழந்தை கிடக்கும் நிலையையும் பொறுத்தது.

யார் காரணம்?

ஆணா, பெண்ணா என்பது கரு உண்டாகும்போதே முடிவாகிவிடுகிறது. தாயின் கருமுட்டையில் இருப்பது 'எக்ஸ்' குரோமோசோம். தந்தையின் உயிரணுவில் 'எக்ஸ்' அல்லது 'ஒய்' இருக்கும். 'எக்ஸ்' வந்து சேர்ந்தால் பெண். 'ஒய்' வந்து சேர்ந்தால் ஆண். 1905-ம் ஆண்டிலேயே நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி, மாவில் வளரும் ஒருவகை வண்டை ஆராய்ந்து இந்த உண்மையைக் கண்டார்.

அப்படியிருக்க, "பெண்ணாகப் பெற்றுப் போட்டாள்" என்று மருமகளை ஏசுவது என்ன நியாயம்?

விளையாட்டு வினையாகலாமா?

ஆரூடம் சொல்லி ஆண் குழந்தைக்கு ஆசையை வளர்க்கிறார்கள். பெண் பிறந்தால் முகம் சுளிக்கிறார்கள். இந்த ஆசை கருவிலேயே பெண்ணை அழிக்கும் கொடுமை வரை போனது. அதனால்தான் கருவின் பாலினத்தைச் சோதித்துச் சொல்வதை 1994-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. மீறினால் சிறை!

கர்ப்பிணியிடம் "என்ன குழந்தை?" என்று ஆராய வேண்டாம். "வயிறாரச் சாப்பிட்டாயா, அம்மா?" என்று கேட்டாலே போதும்!