ஒடியாவிலும் எழுதி ஒட்டுங்கள்



ஒடிசா, பிகார், ஜார்க்கண்ட் பிள்ளைகள் இல்லாமல் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஷிப்டு ஓடாது. 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாக வதந்தி பரவி அவர்களில் பலர் ஊருக்கு ரயிலேறியபோதுதான் நமக்கு அது உறைத்தது. ஆனால் அவர்கள் உடல்நலம் நம் கண்ணில் படுவதில்லை. அவர்கள் சம்பளத்தில் 0.75 சதவீதம் இ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீட்டுக்குப் பிடிக்கிறார்கள், ஆனால் எந்த டிஸ்பென்சரிக்குப் போவது என்று பலருக்குத் தெரியாது. மெடிக்கலில் மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு ஓவர்லாக் மிஷினில் உட்காருகிறார்கள். மனநலத்துக்கு 14416 என்ற டெலி மானஸ் உதவி எண் 2022 முதல் உள்ளது. பல இந்திய மொழிகளில் இலவசமாகப் பேசலாம். அவர்களின் விடுதிச் சுவர்களில் டிஸ்பென்சரி முகவரியையும் இந்த எண்ணையும் ஒடியாவிலும் இந்தியிலும் ஒட்ட என்ன செலவாகிவிடும்? வெளிநாட்டு பையர் ஆடிட்டுக்கு வருகிறார் என்றால் ஒரே ராத்திரியில் போஸ்டர் ஒட்டுபவர்கள்தானே நாம்! மாவட்ட நிர்வாகம் உத்தரவிட வேண்டும்.

– வாசகர், அனுப்பர்பாளையம், திருப்பூர்