சீட்டு எழுதி முடிந்தால் வேலை முடிந்துவிடுமா?

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகருக்கும் பிரஷருக்கும் மாத்திரை வாங்கிக்கொண்டு கிளம்பும் ஒருவரிடம், வாசலைத் தாண்டுவதற்கு முன், "எந்த மாத்திரையை எப்போ போடப் போறீங்க, சொல்லுங்க பார்ப்போம்" என்று கேட்டு, அவர் சொல்லும் பதிலைக் காதுகொடுத்துக் கேட்பதைத் துறையின் கட்டாய நடைமுறையாக்க வேண்டும். இந்த மடலின் கோரிக்கை இவ்வளவுதான். டாக்டர்கள் சிரித்துப் பேச வேண்டும், நர்ஸுகள் எரிந்து விழக் கூடாது என்றெல்லாம் பலரும் பலமுறை எழுதியாகிவிட்டது. அவை நியாயமான ஆசைகள். ஆனால் கனிவை அரசாணை போட்டு வரவழைக்க முடியாது. ஒரு கேள்வியை வரவழைக்கலாம்.

மாத்திரையை மக்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதில் தங்கள் துறைக்கு இணை சொல்வது கடினம். மருத்துவப் பணிகள் கழகம் கொள்முதலைச் சீராக்கி முப்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. அதற்கு முந்தைய ஆண்டில் தமிழ்நாட்டில் நடந்த கணக்கெடுப்பு சொன்னது என்ன? உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கும், சர்க்கரை நோயாளிகளில் 10.8 விழுக்காட்டினருக்கும்தான் நோய் கட்டுக்குள் இருந்தது. நோயாளிகளின் எண்ணிக்கைக்கும் நோய் கட்டுக்குள் இருப்பவர்களின் எண்ணிக்கைக்கும் இடையிலான இந்தப் பள்ளத்துக்கு, நோயாளியிடம் சரியாகப் பேசாதது ஒன்றே காரணம் என்று சொன்னால் அது நேர்மையாகாது. நோய் இருப்பதே தெரியாதவர்கள் அதில் ஏராளம். பரிசோதனையும் வீடு தேடிவரும் மாத்திரையும் அந்தப் பள்ளத்தின் ஒரு பகுதியை நிரப்பும். ஆனால் வீடு வந்த மாத்திரை வாய்க்குள் போகிறதா, சரியான வேளையில் போகிறதா என்பது வேறு கணக்கு. வளர்ந்த நாடுகளிலேயே நெடுநாள் நோய்களுக்கு மருந்தைச் சொன்னபடி எடுத்துக்கொள்பவர்கள் சராசரியாகப் பாதிப் பேர்தான் என்று உலக சுகாதார நிறுவனம் 2003இல் எழுதியது.

மாத்திரை கவுன்ட்டரில் நடப்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். சீட்டில் 1-0-1 என்று இருக்கும். வரிசையில் பின்னால் நிற்பவர் முழங்கை முதுகில் இடிக்கும். "இது காலைல நைட்டு, இது காலைல மட்டும், இது சாப்பாட்டுக்கு முன்னாடி" என்று ஒரே மூச்சில் சொல்லி மூன்று அட்டைகளைத் தள்ளுவார் மருந்தாளுநர். "சரிங்க" என்று சொல்லிவிட்டு நகர்வார் நோயாளி. இருவர் மீதும் தவறில்லை. ஆனால் சுரக்கும் இன்சுலினைக் கூட்டும் கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையைப் போட்டுக்கொண்டு, வேலைக்கு நேரமாகிவிட்டது என்று சாப்பிடாமல் போனால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும் என்பது அந்தச் 'சரிங்க'வுக்குள் இருக்கிறதா? ஆம்லோடிபின் போடுகிறவருக்குக் கணுக்கால் லேசாக வீங்கினால், 'மாத்திரை கிட்னியைக் கெடுத்துடுச்சு' என்ற ஊர்ப்பேச்சு அவர் மனதில் உடனே எழும். அந்த மாத்திரைக்கு அப்படி வீக்கம் வருவது சகஜம், வந்து சொன்னால் மாற்றித் தருவோம் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்கமாட்டார்கள். இன்னும் சிலர், 'பிரஷர் நார்மலா இருக்கு' என்று டாக்டர் சொன்ன நல்ல செய்தியைக் கேட்டதும் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். மாத்திரை போடுவதால்தான் நார்மலாக இருக்கிறது என்பது சொல்கிறவருக்கு வெட்டவெளிச்சம், கேட்கிறவருக்கு அப்படியல்ல. இவை எதுவும் 'புரிஞ்சுதா?' என்று கேட்டால் வெளியே வராது. அந்தக் கேள்விக்கு நம் ஊரில் தலையாட்டலைத் தவிர வேறு பதில் கிடையாது. வெள்ளைக் கோட்டுக்கு முன்னால் நின்று 'புரியலைங்க' என்று சொல்லும் துணிச்சல் படித்தவர்களுக்கே குறைவு.

டாக்டர் சொல்லும் தகவல்களில் 40 முதல் 80 விழுக்காடு வரை நோயாளிக்கு உடனே மறந்துபோகிறது, நினைவில் நிற்பதிலும் ஏறக்குறைய பாதி தவறாக நிற்கிறது என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு கூறுகிறது. அதே ஆண்டில் சான் ஃபிரான்சிஸ்கோவின் பொது மருத்துவமனையில், எழுத்தறிவு குறைந்த சர்க்கரை நோயாளிகளும் டாக்டர்களும் பேசிக்கொண்டதை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தார்கள். டாக்டர்கள் புதிதாகச் சொன்ன விஷயங்களில் 12 விழுக்காட்டில்தான், நோயாளிக்கு அது விளங்கியதா என்று திருப்பிக் கேட்டிருந்தார்கள். அப்படிக் கேட்ட டாக்டர்களின் நோயாளிகளுக்குச் சர்க்கரைக் கட்டுப்பாடு மேலாக இருந்தது. சிறிய ஆய்வு அது. திருப்பிக் கேட்கிற டாக்டர் மற்ற விஷயங்களிலும் அக்கறையானவராக இருந்திருக்கலாம், அதனாலேயே பலன் வந்திருக்கலாம் என்று வாதிட இடமுண்டு. இருக்கட்டும். தங்கள் கவனத்துக்கு நான் கொண்டுவர விரும்புவது அதிலுள்ள இன்னொரு முடிவு: திருப்பிக் கேட்டதால் சந்திப்பின் நேரம் கூடவில்லை.

ஏனென்றால் முதலில் எழப்போகும் ஆட்சேபம் நேரம்தான். ஓ.பி. வரிசை மரத்தடிவரை நீளும்போது கதை பேச முடியுமா என்று கேட்பார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது. 67 நாடுகளை ஒப்பிட்டு 2017இல் வெளியான ஆய்வில், ஒரு நோயாளிக்கு டாக்டர் ஒதுக்கும் நேரம் சுவீடனில் 22 நிமிடத்துக்கு மேல், பங்களாதேஷில் 48 விநாடி. இந்தியா இரண்டு நிமிடத்தை ஒட்டி நிற்கிறது. இந்த இரண்டு நிமிடத்தைப் பத்தாக்கச் சொல்லவில்லை. அதற்கு வேண்டிய டாக்டர்கள் நாளையே வரமாட்டார்கள். அந்தக் கேள்வியை டாக்டர்தான் கேட்க வேண்டும் என்றும் இல்லை. தொற்றா நோய்ப் பிரிவில் ரத்த அழுத்தம் பார்த்துப் பதிவேட்டில் எழுதும் செவிலியர் இருக்கிறார். மாத்திரையைக் கையில் தருகிற மருந்தாளுநர் இருக்கிறார். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசக்கூடிய மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் இருக்கிறார்; சொல்லப்போனால் நிதானமாகக் கேட்க அவரைவிடப் பொருத்தமானவர் கிடையாது. அவர் கையில் மாத்திரைப் பையும் ரத்த அழுத்தக் கருவியும் கொடுத்த துறை, கேட்க வேண்டிய நான்கைந்து கேள்விகளையும் கொடுக்கலாம். பேசவிட்டால் நோயாளி நிறுத்தவேமாட்டார் என்ற பயமும் சற்று மிகை. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், குறுக்கிடாமல் கேட்கும்படி டாக்டர்களிடம் சொல்லிவிட்டு அளந்து பார்த்தபோது, நோயாளிகள் தாமாகப் பேசி முடிக்கச் சராசரியாக 92 விநாடிதான் ஆனது. சுவிட்சர்லாந்து நம் ஊரல்ல, நாம் கொஞ்சம் கூடுதலாகவே பேசுவோம் என்பது எனக்கும் தெரியும்.

இதற்கெல்லாம் ஏற்கெனவே பயிற்சி இருக்கிறதே என்பது அடுத்த பதில். உண்மைதான். 2019 முதல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் மனப்பாங்கு, அறநெறி, தகவல் தொடர்பு ஆகியவற்றுக்கெனத் தனிப் பகுதி சேர்க்கப்பட்டிருக்கிறது. நல்ல முயற்சி. ஆனால் வகுப்பில் படித்ததை மாணவர் வார்டில் மறக்க அதிக நாள் ஆகாது. பேராசிரியர் ரவுண்ட்ஸில் வரும்போது படுக்கையில் இருப்பவரைத் தாண்டி, அவர் தலைக்கு மேலாக, அவருக்குத் தெரியாத மொழியில் பேசிவிட்டு அடுத்த பெட்டுக்கு நகர்ந்தால் அதுதான் மாணவருக்குப் பாடம். தவிர, இந்தப் பயிற்சி டாக்டர்களோடு நின்றுவிடுகிறது. கடைசியாக நோயாளியைப் பார்ப்பவர் பெரும்பாலும் டாக்டர் அல்லவே.

"படிப்பறிவில்லாதவங்ககிட்ட எவ்வளவு சொன்னாலும் ஏறாது" என்பவர்களும் உண்டு. வெளிப்படையாகச் சொல்லமாட்டார்கள், டீ இடைவேளையில் சொல்வார்கள். உழவையும் வட்டிக் கணக்கையும் ரேஷன் கார்டு விதிகளையும் விரல்நுனியில் வைத்திருப்பவருக்கு மூன்று மாத்திரையின் வேளை ஏறாது என்பதை நான் ஏற்கமாட்டேன். கேள்வியின் தொனிதான் இதில் முக்கியம். பரீட்சை வைப்பதுபோலக் கேட்டால் அவர் கூசிப்போய் அடுத்த முறை வரவே தயங்குவார். "நான் சரியாச் சொன்னேனான்னு பார்க்கணும், நீங்க ஒருதடவை சொல்லுங்கம்மா" என்றால் பாரம் கேட்பவர் தலைக்கு மாறிவிடும். திருப்பூரிலும் ஓசூரிலும் வேலைக்கு வந்திருக்கும் ஒடிசா, பிகார் தொழிலாளர்களிடம் இது தமிழில் நடக்காது. அங்கே படங்களும், அவர்களிலேயே தமிழ் கற்ற ஒருவரும் தேவை.

உண்மையான ஆபத்து இவை எதிலும் இல்லை, பதிவேட்டில் இருக்கிறது. நாளை ஆணை வந்தால், மறுநாளே 'கேட்கப்பட்டது' என்ற புதுக் கட்டம் ஒன்று முளைக்கும், மாத இறுதியில் அது நூறு விழுக்காடு நிரம்பியிருக்கும். ஒப்புதல் படிவத்துக்கு நேர்ந்த கதி நமக்குத் தெரியும். சிகிச்சையின் தன்மை, நோக்கம், பலன், மாற்று வழி, ஆபத்து ஆகியவற்றை எடுத்துச் சொன்ன பிறகு பெறும் சம்மதமே சம்மதம் என்று சமீரா கோலி வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. நடைமுறையில் அது, ஆபரேஷனுக்கு முதல் நாள் இரவு 'இங்க ஒரு கையெழுத்து' என்று நீட்டப்படும் தாளாகச் சுருங்கிக்கொண்டே போகிறது. எனவே ஊழியர் எழுதும் கணக்கை நம்பி இந்தத் திட்டத்தை நடத்தாதீர்கள். மருத்துவமனையைச் சேராத ஒருவர், மாதம் ஒருநாள், வாசலில் மாத்திரைப் பையோடு வெளியே வரும் இருபது பேரை நிறுத்திக் கேட்கட்டும்: எந்த மாத்திரை எதற்கு, எப்போது, எது நடந்தால் உடனே திரும்பி வர வேண்டும். பதில் தவறாக இருந்தால் செவிலியருக்கு மெமோ கொடுக்க வேண்டாம். கொடுத்தால் அடுத்த மாதம் வாசலில் ஒப்பித்துவிட்டுப் போகும் நோயாளிகள்தான் கிடைப்பார்கள்.

ஏதாவது ஒரு மாவட்டத்தில் ஆறு மாதம் செய்து பாருங்கள். மாவட்ட ஆய்வுக் கூட்டத்தில் எத்தனை பேருக்கு மாத்திரை கொடுத்தோம் என்ற எண்ணைப் படிக்கும்போது, இருபதில் எத்தனை பேர் சரியாகச் சொன்னார்கள் என்ற எண்ணையும் சேர்த்துப் படிக்கச் சொல்லுங்கள். அதே ஆறு மாதத்தில் அந்த நோயாளிகளின் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் என்ன ஆயின என்பது தங்கள் பதிவேடுகளிலேயே இருக்கும். மாற்றம் இல்லையென்றால் கைவிட்டுவிடலாம். இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த முடிவைப் பொதுவில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
அரசு மருத்துவமனைகளை நம்பும் ஒரு குடிமகன்