தேசிய லீக்கும் தேயிலை மலையும்

2021ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் இலங்கை உதைபந்தாட்டத்தில் புதியதோர் ஏற்பாடு அரங்கேறியது. “சுப்பர் லீக்” என்ற பெயருடன், நாட்டின் முதலாவது தொழில்முறைச் சுற்றுப்போட்டி என்ற அறிவிப்போடு, பத்துக் கழகங்கள் களமிறங்கின. ஆட்டத்தையே தொழிலாகக் கொண்டு ஓர் இளைஞன் வாழலாம். அவனுடைய உழைப்புக்கு ஒப்பந்தமும் ஊதியமும் உண்டு என்ற நம்பிக்கை நாடெங்கும் விதைக்கப்பட்டது. பூண்டுலோயாவின் தோட்டங்களிலே, வேலை முடிந்த மாலையில் வெறுங்காலோடு பந்து உதைக்கும் பிள்ளைகளும் அச்செய்தியைக் கேட்டு மகிழ்ந்திருப்பர். “தேசியம்” என்ற சொல் அத்தகைய கவர்ச்சி உடையது. ஆயின் அச்சொல்லின் கூரைக்குக் கீழே யார் யாருக்கு இடம் கிடைத்தது என்று எண்ணிப் பார்க்கும் கடமை நமக்கு உண்டு.

அந்தப் பத்துக் கழகங்களையும் ஒவ்வொன்றாக எண்ணுவோம். டிஃபென்டர்ஸ் தரைப்படையின் கழகம். சீ ஹோக்ஸ் கடற்படையின் கழகம். புளூ ஈகிள்ஸ் விமானப்படையின் கழகம். ரினௌன், கொழும்பு எஃப்.சி., இரத்தினம் ஆகிய மூன்றும் தலைநகரைச் சேர்ந்தவை. களுத்துறையின் புளூ ஸ்டார், பேருவளையின் ரெட் ஸ்டார், வென்னப்புவையின் நியூ யங்ஸ் ஆகிய மூன்றும் மேற்குக் கரையோர ஊர்களின் கழகங்கள். ஆக ஒன்பது. எஞ்சிய ஒன்றே ஒன்று மலைநாட்டைச் சேர்ந்த நாவலப்பிட்டியின் அப் கன்ட்ரி லயன்ஸ். யாழ்ப்பாணத்திலிருந்து ஒன்றில்லை, மன்னாரிலிருந்து ஒன்றில்லை, திருகோணமலை, மட்டக்களப்பிலிருந்தும் ஒன்றில்லை. நுவரெலியா மாவட்டத்திலிருந்தோ கேட்கவே வேண்டாம். முப்படைகளையும் தலைநகரையும் மேற்குக் கரையையும் கூட்டி, அதன்மேல் ஒரு துளி மலைநாட்டையும் தெளித்து, அதற்குத் தேசிய லீக் என்று பெயர் சூட்டினார்கள்.

இரத்தினம் கழகம் கொட்டாஞ்சேனையின் பெருமை. நாவலப்பிட்டிக் கழகமோ மலைநாட்டு மழையிலும் சேற்றிலும் வளர்ந்து தன் சொந்த வலிமையால் மேல்நிலைக்கு வந்தது. அக்கழகங்களின் உழைப்பைக் குறைத்துக் கூறுவது நமது எண்ணமன்று. நம் குறை வேறு. நாவலப்பிட்டியார் தமது கழகத்துக்கு “லயன்ஸ்” என்று பெயரிட்டனர். அது சிங்கங்களைக் குறிக்கும். தோட்டத்துத் தமிழனுக்கோ “லயன்” என்றவுடன் நினைவுக்கு வருவது அவன் பிறந்த பத்தடி அறைதான். ஒரே ஒலியுடைய இவ்விரு சொற்களுக்கும் இடையே உள்ள தூரத்தை அளப்பவருக்குத் தேசிய லீக்குக்கும் தேயிலை மலைக்கும் இடையே உள்ள தூரம் விளங்கும்.

அந்த முதற்பருவம் எவ்வாறு நடந்தது? தொடங்கிய வேகத்திலேயே கொள்ளைநோய் குறுக்கிட்டது, ஆட்டங்கள் நின்றன. மாதங்கள் கழிந்தபின் மீண்டும் தொடங்கி, 2022ஆம் ஆண்டின் தொடக்கத்திலே புளூ ஸ்டார் முதலிடம் பெற்றதோடு பருவம் முற்றுப்பெற்றது. நோயைக் குற்றஞ்சாட்டி நாம் இதை எழுதவில்லை. உலகமெங்கும் மைதானங்கள் மூடப்பட்ட காலம் அது. ஆயினும் அந்த முறிந்த பருவம் நமக்கொரு பாடத்தைக் காட்டியது. படையணிக் கழகத்தில் ஆடுபவன் படைவீரன். பந்து உருண்டாலும் நின்றாலும் அவனுக்கு மாதச் சம்பளம் உண்டு. பிற கழகங்களில் ஆடுபவனுக்கு ஆட்டமே சோறு. ஆட்டம் நின்றால் அவன் மீண்டும் கடைக்கோ தொழிற்சாலைக்கோ ஓட்டோவுக்கோ திரும்ப வேண்டும். குறித்த நாளில் தொடங்கிக் குறித்த நாளில் முடியும் பருவம் என்பது நிருவாக அழகுக்காக வேண்டப்படுவதன்று; ஏழை வீட்டு ஆட்டக்காரனின் அடுப்பு எரிவதற்காக வேண்டப்படுவது. உழவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மழை எப்போது வரும் என்று தெரியாத நிலத்திலே கடன் வாங்கி விதைக்க எவனும் துணியான். அடுத்த பருவம் உண்டா இல்லையா என்று தெரியாத ஆட்டத்திலே தன் மகனை இறக்க எந்தத் தாய் துணிவாள்?

அடுத்து நடந்தவை அந்த ஐயத்தை வலுப்படுத்தின. 2022 ஏப்ரலில் புளூ ஸ்டார் ஆசியக் கழகங்களுக்கான ஏ.எஃப்.சி. கிண்ணத்தின் தகுதிச் சுற்றுக்குச் சென்றது. கொழும்பில் நேபாளத்தின் மச்சிந்திராக் கழகத்தை 2-1 என வென்றது. கல்கத்தாவில் மோகன் பகானிடம் 5-0 எனத் தோற்றது. அத்தோல்வியை எள்ளுவதற்கு நமக்கு உரிமையில்லை. ஆண்டுதோறும் ஒழுங்காக நடக்கும் லீக்கிலே பழகியவர்களை, ஒரே ஒரு முறிந்த பருவத்தைக் கண்டவர்கள் எதிர்கொண்டனர் என்பதே உண்மை. அவ்வாண்டிலேயே நாடு பொருளாதாரப் பள்ளத்தில் வீழ்ந்தது. 2023 ஜனவரியில் வெளியார் தலையீட்டைக் காரணம் காட்டி, உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான ஃபீஃபா இலங்கைச் சம்மேளனத்தை இடைநிறுத்தியது. ஓகஸ்ட் முடிவிலேதான் அத்தடை நீங்கியது. ஏழு மாதங்கள் உலக அரங்கிலே நமக்கு நாற்காலி இல்லை. 1952இலேயே ஃபீஃபாவில் உறுப்புரிமை பெற்ற நாடு, 1995இல் கொழும்பிலே இந்தியாவை வென்று தெற்காசியத் தங்கக் கிண்ணத்தைக் கைப்பற்றிய நாடு, பதவிப் பூசலால் வாசலிலே நிறுத்தப்பட்டது. நாற்காலிச் சண்டையிட்டவர்கள் எதையும் இழக்கவில்லை. வயது கழிந்து போனது ஆட்டக்காரனுக்கே.

இவையெல்லாம் கொழும்பின் கதை. பூண்டுலோயாவுக்கு இதில் என்ன என்று கேட்பவர் உண்டு. அவர்களுக்கு நாம் கூறுவது இது: தேசிய லீக் என்பது கட்டடத்தின் மேல்மாடி. மேல்மாடி ஆடுவதற்குக் காரணம் கீழே தளம் இல்லாமையே. ஊர்தோறும் மைதானம், மாவட்டந்தோறும் முறையான லீக், பாடசாலைதோறும் பயிற்சி என்ற தளம் மலையகத்தில் இடப்படவே இல்லை. தோட்டங்களிலே மைதானம் இருப்பின் அது நிருவாகத்தின் கருணையால் இருப்பது. இன்று தருவர், நாளை அதில் தேயிலைக் கன்று நடுவர், மறுநாள் வாகனம் நிறுத்துவர். தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் நடக்கும் சுற்றுப்போட்டிகளில் நம் இளைஞர் காட்டும் ஆற்றலைக் கண்டவர்கள் வியக்கின்றனர். மறுநாள் காலை அந்த ஆற்றல் கொழும்புக் கடைகளுக்குப் பஸ் ஏறிவிடுகின்றது. அதைத் தேடிவரும் கழகமும் இல்லை. பதிந்து வைக்கும் ஏடும் இல்லை.

“மலைச்சரிவிலே மைதானத்துக்கு எங்கே போவது?” என்று சிலர் கேட்கக்கூடும். துரைமார் காலத்தில் இக்கேள்வி எழவில்லையே! ராதெல்லையிலே வெள்ளைத் துரைமார் மலையைச் சமப்படுத்தி மைதானம் அமைத்தனர், தரவளையிலும் அமைத்தனர். நுவரெலியாவில் குதிரை ஓடத் திடல் கிடைத்தது. கொல்ஃப் பந்து உருளப் புல்வெளி கிடைத்தது. மண்ணை வெட்டிச் சமன் செய்த கைகள் எவருடைய கைகள் என்பதை வாசகர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. துரைக்கு ஆட வேண்டியபோது மலை இணங்கிற்று. தொழிலாளியின் பிள்ளைக்கு ஆட வேண்டும் என்றவுடன் மட்டும் மலை செங்குத்தாகி விடுகின்றதா?

கணக்கையும் பார்ப்போம். உலக அளவிலான உதைபந்தாட்டத் திடல் ஒன்று 105 மீற்றர் நீளமும் 68 மீற்றர் அகலமும் கொண்டது. அதன் பரப்பு ஏறத்தாழ 282 பேர்ச். அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. நூற்றுக்கணக்கான ஏக்கரை ஆளும் தோட்டம் ஒன்றில் இரண்டு ஏக்கர் என்ன பெரிய இழப்பு? அந்த நிலமும் கம்பெனிகளின் பிதுரார்ஜிதம் அன்று. 1972இலும் 1975இலும் நிலச் சீர்திருத்தச் சட்டங்களின் வழியே தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகந்தான் தனியார் கம்பெனிகளிடம் கையளிக்கப்பட்டது. பின்னர் வந்த நீண்டகாலக் குத்தகையும் குத்தகையே. நிலத்தின் சொந்தக்காரர் அரசாங்கமே. சொந்தக்காரர் தம் குத்தகைக்காரரிடம் பொதுத் தேவைக்காக இரண்டு ஏக்கர் கேட்பதற்குச் சட்டம் தடையா, மனம் தடையா?

பூண்டுலோயாவிலேயே இதற்கு முன்மாதிரி உண்டு. டன்சினன் தோட்டத்திலே இந்திய உதவியுடன் கட்டப்பட்ட 404 வீடுகள் 2018 ஓகஸ்டில் மக்களிடம் கையளிக்கப்பட்டன. ஒவ்வொரு வீட்டுக்கும் ஏழு பேர்ச் நிலம். தோட்ட நிலத்தைப் பிரித்துத் தொழிலாளிக்கு வழங்க முடியும் என்ற கொள்கை அன்று நடைமுறையாயிற்று. லயத்திலிருந்து வீட்டுக்கு வந்தவன் வீட்டிலிருந்து ஊருக்கு வர வேண்டாமா? வீடுகள் மட்டும் கூடி நின்றால் அது குடியிருப்பு. பாடசாலையும் வாசிகசாலையும் மைதானமும் சேரும்போதே அது ஊராகும். 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டு, 2003இன் சட்டத்தோடு அந்தக் கறையைப் பெருமளவு துடைத்துக்கொண்ட மக்களுக்கு, வாக்குச்சீட்டு கிடைத்துவிட்டது. அந்த வாக்குக்குப் பின்னால் நிற்பதற்கு ஊர் என்னும் மண் இன்னும் முழுமையாகக் கிடைக்கவில்லை.

மற்றுமொரு வாதமும் எழும். “நாட்கூலிக்கே போராடும் மக்களுக்குப் பந்தாட்டம் ஒரு கேடா?” என்பர். இது நம்மவர் சிலரின் வாயிலிருந்தே வருவதால் இதற்கு விடை கூறியாக வேண்டும். சுப்பர் லீக் தொடங்கிய 2021ஆம் ஆண்டிலேதான், மார்ச் மாதத்தில், தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபா என்று வர்த்தமானியில் வெளியாயிற்று. அதற்காக எத்தனை ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது என்பதை நாடறியும். சம்பளமே முதற்கோரிக்கை என்பதில் நமக்கு மாறுபாடில்லை. ஆனால் தோட்டத்து இளைஞன் முன்னால் இன்று இருக்கும் வழிகள் எவை? கொழுந்து மலை, கொழும்புக் கடை, கடல் கடந்த கூலி வேலை. இவற்றோடு நான்காவதாகத் திறமைக்கு ஊதியம் தரும் வழி ஒன்று சேருமானால் அது சம்பளப் போராட்டத்துக்குப் பகையாகாது, துணையே ஆகும். ஆட்டக்காரனோடு அவ்வழி நின்றுவிடுவதும் இல்லை. நடுவர், பயிற்றுநர், உடற்பயிற்சி மருத்துவத் துணைவர், மைதானக் காவலர் என்று ஒரு லீக்கைச் சுற்றிப் பல தொழில்கள் வளரும். நம் பெண்பிள்ளைகளுக்கும் அதில் பங்கு வேண்டும். கூடை சுமந்து மலையேறிய பரம்பரையின் கால்களுக்கு வலிமை குறைவென்று எவரும் கூற முடியாது.

மலைவாசிகளால் முடியுமா என்று ஐயுறுவோர் இந்தியாவின் வடகிழக்கைப் பார்க்கட்டும். மிசோரம் ஒரு சிறிய மலை மாநிலம். அங்கே 2012இல் தமக்கென்று மிசோரம் பிரிமியர் லீக்கைத் தொடங்கினார்கள். ஊர்ப் போட்டிகளை உள்ளூர்த் தொலைக்காட்சியில் மக்கள் வீட்டிலிருந்தே கண்டார்கள். அந்த மண்ணில் வளர்ந்த ஐஸ்வால் கழகம் தேசிய ஐ-லீக்கிலிருந்து ஒருமுறை கீழிறக்கப்பட்டு, மீண்டும் இடம்பெற்று, அடுத்த 2016-17 பருவத்திலேயே பெருநகரக் கழகங்களையெல்லாம் பின்தள்ளி இந்தியாவின் வாகையைச் சூடியது. அம்மக்களுக்கும் சரிவுகள் உண்டு, மழை உண்டு, தலைநகரிலிருந்து தொலைவு உண்டு. அவற்றோடு தமக்கென்று மைதானமும் ஒழுங்கான உள்ளூர் லீக்கும் இருந்தன. வேறுபாடு அவ்வளவே.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்த ஆட்டம் ஒவ்வாதது என்பதும் பொய். சுவீடனில் பிறந்த ஆதவன் ராஜமோகன் அண்மைய ஆண்டுகளில் இலங்கையின் சீருடை அணிந்து ஆடுகின்றார். புலம்பெயர்ந்த பெற்றோரின் பிள்ளைக்கு அந்நிய நாட்டு நகரசபை மைதானமும் பயிற்றுநரும் தந்தது. அப்பிள்ளைகள் தாய்நாட்டுக்காக ஆட வருவதை நாம் வாழ்த்தி வரவேற்கின்றோம். ஆயின் நாட்டுக்கு வெளியே பிறந்த பிள்ளையைக் கடல் கடந்து தேடிப்பிடிக்கத் தெரிந்த சம்மேளனத்துக்கு, தவலந்தென்னையிலிருந்து மலையேறிப் பூண்டுலோயாவுக்கு வரும் பாதை தெரியாமல் போனது ஏன்?

ஆகவே நாம் கேட்பவை இவை. பிரதேச சபைகளும் தோட்ட உட்கட்டமைப்புக்குப் பொறுப்பான அமைச்சும் பூண்டுலோயா போன்ற ஒவ்வொரு தோட்டப் பட்டணத்தின் அண்மையிலும் இரண்டு ஏக்கர் நிலத்தைப் பொது மைதானமாகப் பதிவு செய்ய வேண்டும். உறுதி மக்களின் பெயரால் பிரதேச சபையிடம் இருக்க வேண்டும். நிருவாகத்தின் மேசை இழுப்பறையில் இருக்கக் கூடாது. தென்மேற்குப் பருவமழை ஓய்ந்த மாதங்களைக் கணக்கிட்டு, ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை தோட்ட அணிகளுக்கான மாவட்ட லீக் ஒன்று ஆண்டுதோறும் தவறாது நடைபெற வேண்டும். கழகங்களுக்கு உரிமம் வழங்குவதற்கு ஆசியச் சம்மேளனம் வகுத்துள்ள விதிகளிலே இளையோர் பயிற்சியும் ஒன்று. அவ்விதியை ஏட்டோடு நிறுத்தாமல், தேசிய லீக்கில் ஆடும் கழகங்கள் மலையகத்திலும் வடக்கிலும் கிழக்கிலும் இளையோர் பயிற்சி நிலையங்களை நடத்தச் செய்ய வேண்டும். பருவ அட்டவணை முன்கூட்டியே வெளிவர வேண்டும். ஆட்டக்காரனின் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். ஆட்டம் நின்றாலும் ஊதியம் நில்லாதபடி காப்பு இருக்க வேண்டும்.

நம்மவருக்கும் ஒரு சொல். மலையகத்தில் பிறந்து ஆசிரியராக, மருத்துவராக, சட்டத்தரணியாக, பொறியியலாளராக உயர்ந்தோர் இன்று பலர். ஒரு தோட்ட அணியைச் சங்கமாகப் பதிவு செய்வதற்கும், கணக்கேடு எழுதுவதற்கும், சம்மேளனத்தோடு கடிதப் போக்குவரத்து நடத்துவதற்கும் வேண்டிய அறிவு அவர்களிடம் உண்டு. நாவலப்பிட்டிக் கழகம் மேல்நிலைக்கு வந்தது ஆட்டக்காரரின் கால்களால் மட்டுமன்று. நிருவாகம் செய்தோரின் விடாமுயற்சியாலும் ஆகும். தொழிற்சங்கங்களும் தேர்தல் காலத்திலே சீருடையும் பந்தும் வழங்கிப் படம் பிடித்துக்கொள்வதோடு நில்லாது, கூட்டு ஒப்பந்தப் பேச்சு மேசையிலே சம்பளத்துக்கு அடுத்த வரியில் மைதானத்தையும் எழுத வேண்டும். கேளாதவனுக்கு இந்நாட்டில் எதுவும் கிடைத்ததில்லை. கேட்டவனுக்கும் காலந்தாழ்த்தியே கிடைத்தது. ஆகையால் இன்றே கேட்போம்.

ஒரு நாட்டின் லீக் தேசிய லீக்காவது பெயர்ப்பலகையினால் அன்று. அந்நாட்டின் எந்த மூலையில் பிறந்த பிள்ளைக்கும் அதன் வாசல்வரை வர ஒரு பாதை இருந்தால் அது தேசிய லீக். அந்தப் பாதையின் முதல் 282 பேர்ச் பூண்டுலோயாவில் அளக்கப்படட்டும்.